ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் சொகுசுக் கப்பல் பயணத்தைப் பற்றி இரண்டு முழுப் பக்கம் வந்திருந்தது. நீச்சல் குளம், கேசினோ, நாடக அரங்கு, மேல்தளத்தில் கையை விரித்து நிற்கும் ஒரு ஜோடி என்று படங்கள். காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டி, "கண்டக்டரே, நீங்க போனது இதுலதானே?" என்று ஒருவர் கேட்டார். இதில்தான் போனேன். ஆனால் நான் பார்த்ததில் பாதி அந்தக் கட்டுரையில் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டுப் பகுதியை வெட்டுங்கள், ஊதல் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் அரசு பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டராக இருந்து 2019ல் ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பாதிக்கு மேல் கிருஷ்ணகிரி - தர்மபுரி, தர்மபுரி - ஒகேனக்கல் தடம். எங்கள் ஊரின் பெயரில் காவேரி இருக்கிறது, ஓடுவது தென்பெண்ணை. பெயரில் பட்டணம் இருக்கிறது, கடலைப் பார்க்கச் சென்னைக்குச் சுமார் 260 கிலோமீட்டர் போக வேண்டும். சின்ன வயதில் கே.ஆர்.பி. அணை நிறைந்து நின்றால் அதுதான் எங்களுக்குக் கடல்.

கப்பல் என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கதைதான். என் அப்பாவின் சித்தப்பா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1926ல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதில் அவர் 'டெக் பாசஞ்சர்'. அந்தக் காலத்தில் டெக் என்றால், கேபினுக்குக் காசு இல்லாதவன் பாய் விரித்துப் படுக்கும் இடம். தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாரோ வாந்தி எடுக்க, அப்படியே பினாங்கு வரை. "டெக்குல போனவன்" என்று எங்கள் பாட்டி சொன்னால் அதில் பாதி பாவம், பாதி இளக்காரம் இருக்கும். ஆகவே என் மகன் போனில், "அப்பா, பத்தாவது டெக்ல நீச்சல் குளம் இருக்கு" என்றபோது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். 2021ல் எனக்கு அறுபது முடிந்தது. ஊரடங்கில் திருக்கடையூர் போக முடியவில்லை, வீட்டிலேயே மாலை மாற்றி முடித்துவிட்டோம். அது அவன் மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. போன தை மாதம் சென்னையில் ஏறி, எந்தக் கரையிலும் நிற்காமல் கடலிலேயே சுற்றி, இரண்டு ராத்திரி கழித்துச் சென்னையிலேயே இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டுவிட்டான். நான், என் மனைவி, மகன், மருமகள், நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தி. செலவு எவ்வளவு என்று கடைசி வரை சொல்லவில்லை. கப்பலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் தெரியும்.

அதற்கு முன் கட்டுரையில் ஒரு திருத்தம். மயாமியிலிருந்து 2024 ஜனவரியில் முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலை "இரண்டரை லட்சம் டன் எடை" என்று போட்டிருந்தீர்கள். அது எடை இல்லை என்று மகன் சொல்கிறான். 'கிராஸ் டன்னேஜ்' என்பது கப்பலுக்குள் மூடி அடைத்திருக்கும் இடம் மொத்தம் எவ்வளவு என்று சொல்லும் கணக்காம். எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மற்றபடி 20 தளம், 365 மீட்டர் நீளம், 7 நீச்சல் குளம் என்று எழுதியது சரி. நாங்கள் போன கப்பல் அதன் பக்கத்தில் நின்றால் மினி பஸ் மாதிரி இருக்கும். 11 தளம், ஒரு குளம்.

சென்னைத் துறைமுகத்தில் ஏறும் இடம் விமான நிலையம் மாதிரி. பெட்டியை மெஷினில் விட்டு எடுக்கிறார்கள். வெளிச் சாப்பாடு கூடாதாம். என் மனைவி கொண்டுவந்த மாங்காய் ஊறுகாய் பாட்டிலை அங்கேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஒரு கிலோ நிப்பட்டை (மற்ற ஊர்களில் தட்டை என்பார்களே, அதுதான்) மட்டும் அங்கிருந்த பெண் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேத்தி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர் நிப்பட்டு கடல் தாண்டிப் போகவில்லை என்றாலும் கடல் மேல் போய் வந்துவிட்டது.

ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அறைச் சாவியும் அதுதான், மணிபர்ஸும் அதுதான், ஆள் அடையாளமும் அதுதான். வாசலில் ஒரு சின்னப் பெட்டியில் அட்டையைக் காட்டினால் 'டிங்' என்று சத்தம் வருகிறது, உள்ளே எத்தனை பேர் என்று கணக்கு ஏறிவிடுகிறது. காரிமங்கலத்தில் ஏறியது எத்தனை, இறங்கியது எத்தனை என்று விரல் விட்டு எண்ணி, செக்கர் வந்தால் வேர்த்து, 31 வருடம் நான் பட்ட பாட்டை அந்தப் பெட்டி 'டிங்' என்று முடித்துவிடுகிறது. எனக்கு அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கிளம்புவதற்கு முன் சாயங்காலம் திடீரென்று ஊதல் சத்தம். கண்டக்டர் காது இல்லையா, தானாகவே எண்ணியது. ஏழு குட்டை, கடைசியில் ஒரு நீளம். எங்கள் தொழிலில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. ஏழும் ஒன்றும் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் சொன்னார்கள், அப்புறம் இந்தியில் சொன்னார்கள். தமிழில் வரும் என்று காத்திருந்தேன், பாட்டுப் போட்டுவிட்டார்கள். "ஏழு எதுக்குடா?" என்று மகனைக் கேட்டேன். ஆபத்து என்றால் எல்லோரும் அவரவர் இடத்தில் கூட வேண்டும், அதற்கு இப்போது ஒத்திகை என்றான். அட்டையில் 'சி' என்று போட்டிருந்தது. அந்த எழுத்து எழுதிய இடத்தில் போய் நிற்க வேண்டுமாம். நின்றோம். ஒரு வெளிநாட்டுப் பையன் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் காட்டினான். முடிந்தது.

எங்களோடு அதே 'சி'யில் நாற்பது பேர் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. ஒரு பெயிண்ட் கம்பெனி தன் டீலர்களுக்குப் பரிசாகக் கொடுத்த டூராம். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்ப் பக்கம். டீலர்கள் தங்கள் அப்பா அம்மாவையும் அழைத்து வந்திருந்தார்கள். அந்தப் பெரியவர்களில் பாதிப் பேர் அதைச் சாப்பாட்டு மணி என்று நினைத்துப் பஃபே வாசலில் வரிசையில் நின்றுவிட்டார்கள். பஃபேக்காரர்கள் அவர்களைத் திருப்பி அனுப்ப, ஒத்திகை முடியும்போது வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கப்பல் கிளம்பியது எனக்குத் தெரியவே இல்லை. நடையில் இருந்த ஜன்னல் வழியாகத் துறைமுகம் பின்னால் நகர்ந்தபோதுதான் தெரிந்தது. கியர் விழும் குலுக்கல் இல்லை, ஒன்றும் இல்லை. வேகம் 15 நாட் என்றார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 28 வருகிறது. எங்கள் டவுன் பஸ் வேகம்.

பேத்தியிடம் ஒரு ரூல்டு நோட்டு இருந்தது. கப்பலை அடியிலிருந்து நுனி வரை ஒரு தளம் விடாமல் பார்த்து எழுதப் போவதாகச் சொன்னாள். மற்றவர்கள் படுத்துவிட்டார்கள், அவளோடு நான் போனேன். லிஃப்ட் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மூட்டு வலியோடு 11 தளம் படி ஏறியது நான்தான்.

எங்கள் அறை மூன்றாம் தளத்தில், கப்பலின் நடுவில், ஜன்னல் இல்லாதது. விலை குறைந்த அறை அதுதான் கிடைத்தது என்று மகன் கூச்சப்பட்டான். விளக்கை அணைத்தால் நம் கை நமக்குத் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி காற்று அடித்துக் கப்பல் ஆட ஆரம்பித்ததும்தான் அந்த அறையின் அருமை தெரிந்தது. பெயிண்ட் டீலர்களில் பெரிய ஆள் ஒருவர் ஒன்பதாம் தளத்தில், மூக்குப் பக்கம், பால்கனி வைத்த அறை எடுத்திருந்தார். காலையில் முகம் வெளுத்து வந்தார், விடிய விடிய வாந்தியாம். இதற்குக் கப்பல் படிப்பெல்லாம் வேண்டியதில்லை. பஸ்ஸில் பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் கடைசி சீட்டு தூக்கிப் போடும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்தவன் தூங்கிக்கொண்டே தொப்பூர்க் கணவாயைத் தாண்டுவான். கப்பலும் அப்படித்தான். நீளத்தில் நடு, உயரத்தில் கீழ்த்தளம், அங்கேதான் ஆட்டம் குறைவு. மேலே போகப் போக, நுனிக்குப் போகப் போக ஆட்டம் கூடும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஜன்னலுக்கு ஆசைப்படாமல் இதைப் பார்த்து அறை எடுக்கலாம். உங்கள் கட்டுரையில் "பால்கனி அறையே சிறந்தது" என்று இருக்கிறது. வாந்தி எடுத்தவரைக் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் தளம்தான் கப்பலின் பஸ் ஸ்டாண்டு. வரவேற்பு மேசை, கண்ணாடி லிஃப்ட், பியானோ, கடைகள் எல்லாம் அங்கே. நடுவில் நின்று நிமிர்ந்தால் நான்கைந்து தளம் வரை வெற்றிடமாகத் தெரியும், ஒவ்வொரு தளத்தின் கைப்பிடியிலும் யாராவது சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறாம் தளத்தில் நாடக அரங்கு, பக்கத்தில் கேசினோ. சாயங்காலம் போனபோது கேசினோ பூட்டியிருந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர், தாண்டினால்தான் திறப்பார்களாம். அதுவரை நம் நாட்டு எல்லை, நம் நாட்டுச் சட்டம். திறந்ததும் பார்க்கப் போனேன். பளபளவென்று வெளிச்சம், ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. பேத்தியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நோட்டில் "தாத்தா மட்டும் பார்த்தார்" என்று எழுதிக்கொண்டாள்.

ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் அறைகள். நீள நீளமாக நடைபாதை, எல்லாக் கதவும் ஒரே மாதிரி, கம்பளமும் ஒரே மாதிரி. ஒற்றைப்படை எண் எல்லாம் ஒரு பக்கம், இரட்டைப்படை எல்லாம் இன்னொரு பக்கம் என்று பேத்திதான் கண்டுபிடித்தாள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நாங்கள் இருவரும் வழி தவறவில்லை.

பத்தாம் தளத்துக்குக் கதவைத் தள்ளி வெளியே வந்தால் காற்று நம்மைத் திருப்பி உள்ளே அனுப்பப் பார்க்கிறது. வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். அது தப்பு. படத்தில் கடல் மாதிரி தெரிகிற நீச்சல் குளம் நேரில் எங்கள் ஊர்ப் பக்கத்து வயல் கிணற்றைவிடக் கொஞ்சம் சின்னது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் குளத்துத் தண்ணீரும் மொத்தமாக அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும். ஆட்டம் கூடியதும் மேலே வலை கட்டி மூடிவிட்டார்கள். சுற்றிலும் சாய்வு நாற்காலி, ஆட்கள் வெயிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். சின்னத் தாத்தா ஞாபகம் வந்தது. அவரும் டெக்கில்தான் படுத்திருந்தார்.

பதினோராம் தளத்தில் நடப்பதற்கு ஒரு பாதை, குழந்தைகள் ஏறிப் பழகச் செயற்கைப் பாறை, நுனியில் கண்ணாடி போட்ட உடற்பயிற்சி அறை. கடலைப் பார்த்துக்கொண்டே மெஷின் மேல் ஓடுகிறார்கள். நடந்து போக இவ்வளவு பெரிய கப்பல் இருக்க, ஓர் இடத்தில் நின்று ஓடுவது ஏன் என்று பேத்தி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இவை எதுவும் இல்லை. ஐந்தாம் தளத்திலேயே வெளிப்பக்கமாக ஒரு நீள வராந்தா மாதிரி போகிறது. தலைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புப் படகுகள் வரிசையாகத் தொங்கும். அங்கே கூட்டமே இல்லை. நான் படகுகளை எண்ணினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 150 பேர் என்று எழுதியிருந்தது, பஸ்ஸுக்குள் சீட்டு இத்தனை, நிற்பவர் இத்தனை என்று எழுதியிருப்பது மாதிரி. எண்ணிப் பெருக்கினேன், கப்பலில் இருக்கும் ஆளுக்குப் போதவில்லை. வயிற்றைப் பிசைந்தது. வராந்தா ஓரத்தில் அடுக்கியிருந்த வெள்ளை டிரம்களை நான் தண்ணீர் டிரம் என்று நினைத்திருந்தேன். அவற்றுக்குள் சுருட்டி வைத்த ரப்பர் மிதவைகள் இருக்கின்றன, தண்ணீரில் போட்டுக் கயிற்றை இழுத்தால் விரிந்துவிடும் என்று மறுநாள் தெரிந்தது. நெடுந்தூரக் கப்பல்களில் படகும் மிதவையும் சேர்த்து எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும், அதற்கு மேலும் 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. அன்று ராத்திரி இது தெரியாததால் எனக்குத் தூக்கம் வர நேரமானது.

இதைச் சொன்னவன் யார் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் காலையில் என் மனைவி தனியாகக் காபி தேடிப் போனாள். (காபி பற்றி ஒரு வார்த்தை: மெஷின் காபி, வாயில் வைக்க முடியாது. 1840ல் 'பிரிட்டானியா' என்ற கப்பலில் பாலுக்காக ஒரு பசு மாட்டையே ஏற்றிப் போனார்களாம், மகன் படித்துச் சொன்னான். "அந்தக் காலத்துல போயிருக்கணும்" என்றாள் இவள்.) அரை மணியாகியும் ஆள் வரவில்லை. தளத்தை மாற்றி இறங்கி, ஊழியர்களுக்கு மட்டும் என்று இங்கிலீஷில் எழுதிய கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டாள். உள்ளே கம்பளம் இல்லை, இரும்புத் தரை, தலைக்கு மேல் குழாய்கள், தள்ளுவண்டியில் தட்டுகள். இந்தப் பக்கம் மெத்தை வைத்த பஸ், அந்தப் பக்கம் டிப்போ என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பையன் இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறான். "எனக்கு ஒண்ணும் புரியலை சாமி" என்றிருக்கிறாள். "அம்மா, தமிழுங்களா? எந்த ஊருங்க?" என்றானாம். காவேரிப்பட்டணம் என்றதும், "நான் அரூருங்கம்மா" என்று தொப்பியைக் கழற்றிவிட்டான்.

அவன் சமையலறையில் வேலை. ஒன்பது மாத ஒப்பந்தம், தங்கை கல்யாணக் கடன். அவன் பெயரையும் எழுதவில்லை, கப்பல் பெயரையும் எழுதவில்லை. பயணிகளோடு நின்று பேசினால் அவனுக்கு மேலே உள்ளவர்கள் கேள்வி கேட்பார்களாம். எங்களுக்குச் சொன்னதெல்லாம் தோசைக் கல் முன்னால் நின்று, தோசை திருப்பிக்கொண்டே சொன்னதுதான். (தோசை நன்றாக இருந்தது. இட்லி கல்.)

இனி ஊதலுக்கு வருகிறேன்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். திரும்பவும் ஏழு குட்டை, ஒரு நீளம். கூடவே ஒலிபெருக்கியில் இங்கிலீஷும் இந்தியும். இது ஊழியர்களுக்கான ஒத்திகை, பயணிகள் எதுவும் செய்ய வேண்டாம் என்பதுதான் அந்த அறிவிப்பு. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் முந்தின நாள் சாப்பாட்டு மணி என்று நினைத்து ஏமாந்த பெரியவர்கள், ராத்திரி பிள்ளைகளிடம் கேட்டு, இந்த ஊதல் வந்தால் ஆபத்து என்று தெரிந்துகொண்டிருந்தார்கள். பாதிதான் தெரிந்திருந்தது. இளவட்டங்கள் எல்லாம் பத்தாம் தளத்தில் இருக்க, பெரியவர்கள் கீழே அறையில் இருந்தார்கள். கதவைத் திறந்து பார்த்தால் ஊழியர்கள் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு ஓடுகிறார்கள். வேறு என்ன நினைப்பார்கள்?

எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி, ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, ஒரு கையில் மாத்திரைப் பை, இன்னொரு கையில் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். ஜாக்கெட்டின் பட்டை புடவையில் சிக்கி நான்காம் தளப் படியில் விழுந்தார். நான் அந்த நேரம் வெளி வராந்தாவிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தேன். தூக்கி உட்கார வைத்தோம். கணுக்கால் பிசகியிருந்தது. "முருகா, கப்பல் முழுகுதா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கப்பல் டாக்டர் வந்து கட்டுப் போட்டார். நல்ல மனுஷன். அதற்குரிய காசை அட்டையில் பிடித்துக்கொண்டார்கள்.

நான் வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை, அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. கருத்துப் படிவம் ஒன்று கொடுத்தாள், இங்கிலீஷில். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, நிப்பட்டைப் பார்த்த மாதிரியே பார்த்து, உள்ளே வைத்துக்கொண்டாள்.

மதியம் அரூர்ப் பையனிடம், அந்த ஒத்திகையில் என்னதான் சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டேன். பிறகு பத்தாம் தளத்தில், வலை கட்டிய குளத்தின் ஓரமாக, பெயிண்ட் டீலர் கூட்டம் முழுவதையும் நிற்க வைத்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடமானாலும் தொண்டை அப்படியேதான் இருக்கிறது. ஏழு குட்டை, ஒரு நீளம் கேட்டால் ஆபத்து. உடனே பெட்டியைத் தேடாதீர்கள். கனமான துணி, செருப்பு, தினம் சாப்பிடும் மாத்திரை, இவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்டில் ஏறாதீர்கள். அட்டையில் 'சி' என்று இருக்கிறது, இதோ இந்த எழுத்து, இது எங்கே இருக்கிறதோ அங்கே வாருங்கள். ஜாக்கெட்டின் பட்டை இப்படி முன்னால் வர வேண்டும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டு மாட்டுங்கள் (இது என் மனைவி சேர்த்தது, வெளிநாட்டுப் பையன் சொல்லாதது). பேரப்பிள்ளை வேறு தளத்தில் விளையாடிக்கொண்டிருந்தால் தேடி ஓடாதீர்கள், விளையாட்டு இடத்து ஆட்களே கூட்டி வருவார்கள். ஊழியர்களுக்கு மட்டும் ஒத்திகை என்றால் அறிவிப்பு வரும், பதறாதீர்கள்.

மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு நிமிடம் ஆனது என்றான்.

ஊர் திரும்பிய பிறகு மகன் விதிகளைத் தேடி எடுத்து எனக்கு வாசித்துச் சொன்னான். 1912ல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர், படகுகளில் இடம் 1,178 பேருக்கு. டிக்கெட் கிழித்த எனக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1,500 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு 1914ல் லண்டனில் நாடுகள் கூடி எழுத ஆரம்பித்ததுதான் 'சோலாஸ்' என்கிற கடல் பாதுகாப்பு உடன்படிக்கை. அப்புறம் 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம் ஏறியவர்களுக்கு ஒத்திகையே நடக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த விதியை அதற்குப் பிறகு மாற்றி, 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. பாதுகாப்பு விளக்கம், பயணிகளுக்குப் புரியக்கூடிய ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளில் இருக்க வேண்டும். அறைகளிலும் கூடும் இடங்களிலும் படமும் குறிப்பும் பொருத்தமான மொழிகளில் ஒட்ட வேண்டும்.

சென்னையில் ஏறுகிற கூட்டத்துக்குப் புரியக்கூடிய மொழி எது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுகிறவர்களைப் பாருங்கள். பரிசல்காரர் ஆளைப் பார்த்ததும் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ, "ஜாக்கெட்டைக் கட்டுங்க, நடுவுல உக்காருங்க, எழுந்திருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் துடுப்பைப் போடுவார். அவர் பரிசலில் நான்கைந்து பேர்தான். அவர் எந்த உடன்படிக்கையையும் படித்ததில்லை.

ஆகவே துறைமுக நிர்வாகத்துக்கும், கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கும் மத்திய அதிகாரிகளுக்கும், மாநிலச் சுற்றுலாத் துறைக்கும் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இவ்வளவுதான். சென்னையிலோ தூத்துக்குடியிலோ பயணிகளை ஏற்றும் எந்தக் கப்பலாக இருந்தாலும் ஒத்திகையைத் தமிழிலும் சொல்லட்டும். பதிவு செய்து வைத்து ஒலிபெருக்கியில் போட்டால்கூடப் போதும். ஊழியர் ஒத்திகை என்றால் அந்த ஒரு வரியை முதலில் தமிழில் சொல்லிவிட்டு ஊதட்டும். படிக்கட்டு ஒவ்வொன்றிலும் எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது, கூடும் இடம் எது என்று தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். தோசைக் கல்லுக்கு முன்னால் 'தோசை' என்று தமிழில் பலகை வைத்திருந்தார்கள். அது இல்லாமலேயே நமக்குத் தோசை தெரியும்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த முறை கப்பலைப் பற்றி இரண்டு பக்கம் போடும்போது, கையை விரித்து நிற்கும் ஜோடியைக் கொஞ்சம் சின்னதாக்கி, அந்த இடத்தில் இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கும் படத்தைப் போடுங்கள். பேத்தி வரைந்தது. 11 தளமும், படிக்கட்டுகளும், படகுகளும், வெள்ளை டிரம்களும், எங்கள் 'சி' இடமும் தமிழில் எழுதியிருக்கிறாள். ஆறாம் தளத்தில் கேசினோ இருக்கும் இடத்தில் மட்டும் வெறும் கட்டம் போட்டு, "தாத்தாவைக் கேட்கவும்" என்று எழுதியிருக்கிறாள், அதை நீங்கள் திருத்திக்கொள்ளலாம். படத்தைத் திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய கவர் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.
(அரூர்ப் பையனை முன்னிட்டு என் பெயரையும் வெளியிட வேண்டாம்.)